தொங்கானின் சரக்கறை வாசலில்

எண்பதுகளில் நகரின் நடுவே ஓடும் ஆற்றைத் துப்புரவாக்கியபோது வெளியேற்றப்பட்ட தொங்கான்களில் ஒன்றைத் தெற்குத் தீவுகளுக்கு அப்பால் மூழ்கடித்தார்கள். காலமெல்லாம் சரக்கு சுமந்த மரப்படகு அது. இனி அதில் மீன்கள் குடியேறட்டும், பவளம் பிடிக்கட்டும் என்பது எண்ணம். அதைப் பார்க்கக் காற்றுக்குடுவையைக் கட்டிக்கொண்டு இறங்கிய என் மகன் உயிருடன் மேலே வரவில்லை. அவனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது.

உடன் இறங்கியவன் அவனுடைய பள்ளித் தோழன். பிடோக் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் வளர்ந்த சீனப் பையன். எங்கள் மேசையில் சாப்பிட்டே தமிழ் கற்றவன். ஒருநாள் இன்னும் ரசம் வேண்டுமா என்று என் மனைவி கேட்க, மகன் தலையை இரு தோள்பக்கமும் சாய்த்தான். அவள் ஊற்றினாள்.

“ஆன்ட்டி, அவன் வேணாங்குறான்!”

“டேய், இது வேணும்னு அர்த்தம்லா. இத்தன வருஷம் ஓசிச் சோறு தின்னும் தெரியலயா?”

“அப்ப வேணாம்னா எப்படி?”

மகன் முகத்தை இடம்வலமாகத் திருப்பிக் காட்டினான்.

“ரெண்டும் ஒண்ணுதான்லா!”

அன்று எல்லோரும் சிரித்தோம்.

நீருக்கடியில் பதிலைக் கையால்தான் சொல்ல வேண்டும். இருவருக்கும் அது கற்பிக்கப்பட்டிருந்தது. ஆயினும், சரக்கறை வாசலில் தோழன் விரல்களை வட்டமாக வளைத்து ‘சரியா?’ என்று கேட்டபோது, மகன் தலையை ஆட்டினான். அதைச் சம்மதம் என்று கொண்டு தோழன் தொங்கானின் பின்புறத்துக்கு நீந்திப் போனான். அவன் திரும்பியபோது மகன் அங்கில்லை. பிறகு அவன் உடலைச் சரக்கறைக்குள்ளிருந்து மீட்டார்கள். குடுவையில் காற்று தீர்ந்திருந்தது.

“சாய்ச்சானா, திருப்பினானா?” என்று தோழனிடம் கேட்டேன்.

“தண்ணி கலங்கலா இருந்துச்சு அங்கிள். தெரியல.”

அதன்பின் ஓராண்டு அவனுடன் நான் பேசவில்லை. அந்த ஓராண்டில், ஐம்பத்து மூன்று வயதில், முக்குளிக்கக் கற்றேன். பிறகு அவனை அழைத்தேன். என் மகன் நின்ற இடத்தில் அவன் நின்று இரு விதமாகவும் தலையை ஆட்ட வேண்டும். எதிரே நின்று நான் பார்க்க வேண்டும். வேறுபாடு தெரிந்தால் அவனை வெறுக்க எனக்கு நியாயம் கிடைக்கும். மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டான்.

நீர் பச்சையாகக் கலங்கியிருந்தது. படகின் விலா மரங்களில் கடல்முள்ளிகள் ஒட்டியிருந்தன. சிறு மீன்கள் எங்களைப் பொருட்படுத்தாமல் சரக்கறைக்குள் போய் வந்தன. நான் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோழன் என் தோளைத் தொட்டு, விரல்களை வளைத்தான். நான் தலையை ஆட்டினேன்.

மறுகணம் அவன் என் கையைப் பற்றி என்னை மேலே கொண்டுவந்தான்.

“என்ன செய்யுது அங்கிள்? மூச்சு முட்டுதா?”

“ஒண்ணுமில்ல. சரின்னுதான் சொன்னேன்.”

எங்களை ஏற்றிவந்த படகின் தளத்தில் குனிந்து உட்கார்ந்தான். “இப்பவும் எனக்குத் தெரியல” என்றான். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான்: “அன்னிக்கு அவன் என்ன சொன்னான் அங்கிள்?”

“சரின்னுதான் சொல்லியிருப்பான்.”

அதற்கு என்னிடம் ஆதாரம் ஏதும் இல்லை. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். குடுவைகளில் இன்னொரு முறை இறங்கப் போதுமான காற்று இருந்தது. மறுபடியும் இறங்குகிறீர்களா என்று படகுக்காரர் கேட்டார்.

நங்கூரத்தை எடுக்கச் சொன்னேன்.