மொட்டைமாடியில் பிடித்த முட்டிவலி

நாற்பது வயதுக்கு மேல் ஓட ஆரம்பித்தவள் நான். பள்ளியில் கணக்கு டீச்சர். விடிந்ததும் விடியாததுமாக வயலோரச் சாலையில் ஓடிவிட்டு வந்தால்தான் அன்றைக்கு எட்டாம் வகுப்பைச் சமாளிக்கத் தெம்பு இருக்கும். ஊரடங்கு வந்ததும் சாலை போயிற்று, பள்ளி போயிற்று. ஓட்டத்தை மட்டும் விட மனமில்லாமல் வீட்டு மொட்டைமாடிக்கு ஏற்றிக்கொண்டேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு அகலம் குறைவு, நீளம் அதிகம். மாடியும் அப்படித்தான். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, மறுபடியும் தண்ணீர்த் தொட்டி என்று சுற்றிச் சுற்றி ஓடினேன். பக்கத்து மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த அக்காவுக்கு நான்தான் டிவி.

சில வாரங்களில் வலது முட்டியின் வெளிப்பக்கம் சுருக்கென்றது. ஓடும்போது பொறுத்துக்கொள்ளலாம். படி இறங்கும்போதுதான் உயிர் போனது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். என் கணவர் தறி நெய்பவர். பட்டு நூல் வராததால் தறி சும்மா கிடந்தது. அவருக்கும் வேறு வேலையில்லை.

"ஏம்மா, யாரும் துரத்தல. எதுக்கு ஓடிக்கினு இருக்கே?" என்றார்.

எலும்பு டாக்டரின் கிளினிக்குக்கு போன் போட்டேன். கம்பவுண்டர் எடுத்தார். "டாக்டரு ஊருக்குப் போன எடத்துல மாட்டிக்கினாரும்மா. எப்ப வருவாருன்னே தெரியாது. வீங்கிக்கினு இருக்குதா?"

"இல்லைங்க."

"கால ஊன முடியுதா?"

"ஊனலாம். படி எறங்குனாத்தான் வலிக்குது."

"அப்ப கொஞ்ச நாளு ஓடாதீங்க. வீங்கிச்சுன்னா, காலே ஊன முடியலன்னா மறுபடி போன் போடுங்க, வேற எங்கியாவது கேட்டுச் சொல்றேன்."

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்றால், அங்கே காய்ச்சல்காரர்களின் வரிசை வாசலுக்கு வெளியே நின்றது. முட்டியைத் தூக்கிக்கொண்டு போக வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஓட்டத்தை நிறுத்தினேன். ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாமென்றால் வீட்டில் ஐஸ் தட்டு இல்லை. பால் பாக்கெட்டை ஃப்ரீஸரில் கல்லாக்கி, துண்டில் சுற்றி முட்டியில் வைத்துக்கொண்டேன். உருகியதும் அதைக் காய்ச்சிக் காபி போட்டேன். கணவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, "இது வலது முட்டி காபியா, இடது முட்டி காபியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

வலி மெல்லக் குறைந்தது. ஆனால் ஏன் வந்தது, அதுவும் ஏன் ஒரே முட்டியில் வந்தது என்பது பிடிபடவில்லை. ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனேன். பக்கத்து மாடி அக்கா குரல் கொடுத்தார்.

"என்னம்மா, இப்பெல்லாம் ஓடவே மாட்டேங்கிற? எனக்குப் பொழுதே போகல. நீ சுத்துறதப் பாத்தா கோயிலுக்குப் போன மாதிரியே இருக்கும். ஒருநாளு கூட எடமாப் போனதில்ல, வலமாவேதான் சுத்துவே."

கையிலிருந்த ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். ஆமாம், எல்லாச் சுற்றும் வலப்பக்கம்தான். ஒவ்வொரு மூலையிலும் திருப்பத்தின் பாரமெல்லாம் உள்பக்கத்தில் இருந்த வலது கால்மேல் விழுந்திருக்கிறது. கோயில் பிராகாரத்தில் நடந்து நடந்து ஊறிப்போன பழக்கம், மாடியிலும் கால் தானாக அப்படியே திரும்பியிருக்கிறது.

வலி நன்றாகவே விட்டபிறகு மெதுவாக நடந்தேன், பிறகு கொஞ்சம் ஓடினேன், இந்த முறை இடப்பக்கமாக. பாதிச் சுற்றுகூட ஆகவில்லை, வடாம் துணியை விட்டுவிட்டு அக்கா சுவரோரம் ஓடிவந்தார்.

"ஐயையோ! அப்பிரதட்சணம் பண்ணாதேம்மா! ஊரே நோவுல கெடக்குது!"

தண்ணீர்த் தொட்டி சாமியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்பதாயில்லை. கடைசியில் ஒரு வழி தோன்றியது. மாடியின் ஒரு கோடியில் வலமாகத் திரும்பி, மறு கோடியில் இடமாகத் திரும்பி, எட்டுப் போடுவது போல ஓடினேன். அக்கா கொஞ்ச நேரம் விரலால் காற்றில் வரைந்து பார்த்தார்.

"ரெண்டும் சரிக்குச் சரி. தோஷமில்ல. ஓடு."

கட்டுப்பாடுகள் தளர்ந்து டாக்டர் ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் போய்க் காட்டினேன். முட்டியை மடக்கி, நீட்டி, அமுக்கிப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் இல்லியேம்மா" என்றார். இத்தனை நாள் காத்திருந்ததற்கு எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் பழையபடி வயலோரச் சாலையில் ஓடக் கிளம்பிக் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு அக்கா நிற்கிறார். புடவைக்குக் கீழே மகனுடைய பழைய ஷூ.

"நா ஓடல்லாம் மாட்டேன்பா. நீ ஓடு, நா பின்னாலயே நடந்து வரேன். மாடியில உக்காந்து ஒன்னியே பாத்துப் பாத்து எனக்கும் ஆசை வந்துடுச்சு."

பாதிச் சாலை தாண்டித் திரும்பிப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார்.