ஏழு நொடி முந்தி வந்த கோல்

லிந்தினால்வா வாய்விட்டுக் கத்தியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அந்தக் கத்தலில்தான் அவளுடைய அறை போயிற்று.

ரெசிஃபி நகரத்தின் வடக்கே உள்ள மேடுகளில் ஒன்றில், நூற்றிப் பதினான்கு படி ஏறினால் வருகிற வீடு அது. முன்னறை, சமையலறை, அண்ணன் எரால்டோவும் அண்ணி ஜுசிலேனியும் படுக்கிற அறை, துணி துவைக்கும் தொட்டி இருக்கிற நடை, கடைசியாக ஒரு பின்னறை. அம்மா சாகும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பின்னறை லிந்தாவுக்கு. யாரும் அதுல கை வைக்கக் கூடாது." எரால்டோ தலையை ஆட்டினான். அவன் தலையாட்டியதைத் தவிர அதற்கு வேறு சாட்சி கிடையாது.

நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தவள். இப்போது வயது நாற்பத்தாறு. ஊரார் சட்டைகளைத் தேய்த்துக் கொடுப்பாள். வீட்டுக்கும் சமைத்துப் போடுவாள். டிவி பார்ப்பதென்றால் சமையலறை வாசல்படியில் நின்றுகொண்டுதான். முன்னறையில் ஆளுக்கொரு நாற்காலி இருந்தது, அவளுக்கு மட்டும் இல்லை. ஏதாவது தொடரைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தால் ஜுசிலேனி திரும்பாமலே சொல்வாள்: "அடுப்புல என்ன தீயுதுன்னு பாரு." அடுப்பில் ஒன்றும் தீயாது. ஆனாலும் லிந்தினால்வா போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பன்னிரண்டு வருடம் இப்படி.

அவளிடம் துணி கொடுக்கும் ஒரு டீச்சர் வீடு மாற்றிக்கொண்டு போகும்போது, சின்ன டிவி ஒன்றை அவளுக்குக் கொடுத்தாள். அண்ணன் வெளியே போன நேரம் பார்த்து, தேய்க்க வந்த போர்வைகளுக்கு நடுவே அதைச் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் படியேறிக் கொண்டுவந்தாள். இனி ஆன்டெனா ஒன்றுதான் வேண்டும்.

மூன்று சனிக்கிழமை சந்தைக்குப் போனாள். முதல் சனிக்கிழமை கடைக்கு எதிர்ப்புறம் கிழங்குக்காரி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டாள். இரண்டாவது வாரம் கொஞ்சம் கிட்டே போனாள். டப்பாக்களில் எல்லாம் பெரிய பெரிய எண் போட்டிருந்தது. ஒன்றில் நூறு கிலோமீட்டர் என்றால் இன்னொன்றில் இருநூற்றைம்பது. இரண்டு கொம்பு வைத்தது, சிக்னலைக் கூட்டும் பூஸ்டரோடு விளக்கு எரிகிறது, கறுப்புக் குச்சி, அப்பளம்போல் தட்டையானது. மூன்றாவது வாரம் கடைக்காரி எட்லெவ்சாவே கூப்பிட்டாள்.

"ஏம்மா, மூணு வாரமா கடையக் காவல் காக்கிறியா? என்ன வேணும்?"

"ஆன்டெனா... வீட்டுக்குள்ள வைக்கிறது."

"பெரிய நம்பர் போட்ட டப்பாவத்தானே பாத்துக்கிட்டு நிக்கிற? எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. நம்பர் அச்சடிக்கத் தனியா செலவா ஆகுது? உன் வீட்லேருந்து ஒலிண்டாப் பக்கத்து டிவி டவர் தெரியுதா?"

"என் ஜன்னல்லேருந்து தெரியும். பொழுது சாஞ்சா சிவப்பு லைட்ட எண்ணலாம்."

"அப்ப பூஸ்டர் எதுக்கு? காதுகிட்ட வந்து கத்துறவன் கையில மைக்கக் குடுக்கிற மாதிரி ஆயிடும், படம் உடைஞ்சு போகும். இந்தா, இந்த அப்பளத்த எடுத்துக்கோ. கம்பி கொஞ்சம் குட்டை. இரும்பு மேல ஒட்டாதே. வச்சு வச்சுப் பாரு, ஒவ்வொரு இடத்துலயும் டிவிய மறுபடி தேடச் சொல்லு. பழைய டிவி மாதிரி புள்ளி புள்ளியா பாதிப் படம்லாம் வராது. வந்தா முழுசா வரும், இல்லேன்னா இல்லவே இல்ல."

மறுநாள் அண்ணனும் அண்ணியும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தார்கள். லிந்தினால்வா அந்தத் தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக நடந்தாள். கட்டிலுக்கு மேலே வைத்தால் ஒன்றுமில்லை. ஜன்னலில் இரும்புக் கிராதி. அதன்மேல் வைத்தால் முகங்கள் சதுரம் சதுரமாக உடைந்தன. கிராதிக்கு இடதுபுறம், தன் நெற்றி உயரத்துக்கு ஒரு சாண் மேலே வைத்தபோது, படம் கழுவிவிட்டதுபோல் வந்து நின்றது. பதினேழு சேனல். செய்தி வாசிக்கிறவளின் காதுத் தோடுகூடத் தெரிந்தது. டேப்பால் நாலு மூலையையும் ஒட்டிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்து.

ஐந்து மாதம் அவளை யாரும் கவனிக்கவில்லை. எரால்டோ ஒருநாள் எட்டிப் பார்த்து, "அட, சுவத்துல ரொட்டிய ஒட்டி வச்சிருக்கா!" என்று சிரித்துவிட்டுப் போனான். அவனுடைய டிவி அகலத்தில் இவளுடையதைப் போல் மூன்று மடங்கு. இன்டர்நெட்டில் வரும். முன்னறை மேட்டுக்கு அணைந்தாற்போல் இருந்ததால் அங்கே காற்றில் எதுவும் வராது.

அவனுக்கு இருந்த ஒரே தலைகுனிவு கால்பந்தாட்டம்தான். ஊர் அணி ஆடுகிற நாளில் நண்பர்களைக் கூட்டி, ஜுசிலேனி பயற்றுச் சாற்றைச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் கொடுக்க, மகாராஜாபோல் உட்கார்ந்திருப்பான். அவன் டிவியில் பந்து நடுக்கோட்டில் இருக்கும்போதே கீழ் வீடுகளில் "கோல்!" என்று வெடி வெடிக்கும். நண்பன் ஜெனிவல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

"எரால்டோ, உன் டிவில நேத்து ஆட்டமாடா ஓடுது?"

"சும்மா இருடா."

"அவங்களுக்குக் காத்துல நேரா வருது. உனக்கு இன்டர்நெட்டு ஊரெல்லாம் சுத்திட்டு, காப்பி குடிச்சுட்டு வருது."

காலிறுதி ஆட்டத்தன்று லிந்தினால்வா சாறெல்லாம் காய்ச்சி வைத்துவிட்டு, தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். எண்பத்தெட்டாவது நிமிடம். சமமாக இருந்த ஆட்டம். மூலையிலிருந்து வந்த பந்தை ஒல்லியான அந்தப் பையன் தலையால் தள்ளினான். அவளுக்கே தெரியாமல் கட்டிலைவிட்டு எழுந்து, தொண்டை கிழிய, "கோ...ல்!" என்றாள்.

முன்னறையில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனிவல் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். ஏழு எண்ணி முடித்தபோது பெரிய டிவியில் அதே பந்து அதே தலையில் பட்டது.

யாரும் கோலுக்குக் கத்தவில்லை.

"உன் தங்கச்சி கீழ் வீட்டுக்காரனுக்கும் முந்திக் கத்துறா," என்றான் ஜெனிவல்.

எரால்டோ வந்து அவள் கதவைத் தள்ளித் திறந்தான். கிராதியைப் பார்த்தான், டவரைப் பார்த்தான், சுவரில் ஒட்டியிருந்த ரொட்டியைப் பார்த்தான்.

"இத்தன நாளா இது இங்கதான் இருந்துச்சா?"

"நீ பாத்தியே அண்ணா. சிரிச்சியே."

மறுநாள் பெரிய டிவி பின்னறைக்கு வந்தது, சின்னது பரணுக்குப் போனது. அவளுடைய கட்டில் நடையில், துணித் தொட்டிக்கும் சுவருக்கும் இடையே போனது.

"இறுதி ஆட்டம் வரைக்கும்தான்," என்றான் எரால்டோ. "அரையிறுதி ரெண்டு ஆட்டம், இறுதி ஒண்ணு, மூணு ஞாயித்துக்கிழமை. அப்புறம் பாக்கலாம். தனியாளுக்கு அறை எதுக்கு இப்ப?"

"அம்மா சொன்னது..."

"அம்மா எனக்கும்தான் அம்மா."

ஜுசிலேனி அந்தத் தகட்டைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "அசிங்கமா இருக்கு. டிவிக்குப் பின்னாடி மறைச்சு வைங்க." டேப்பைக் கிழித்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்தது. பின்னாடி வைத்தார்கள். படம் இல்லை. எரால்டோ, அவன் அப்பா அந்தக் காலத்தில் செய்ததுபோல், பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைப் பிய்த்து ஆன்டெனாவில் சுற்றினான். அந்தத் தெருவில் பிறந்தவர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அப்போதும் இல்லை. கிராதியில் கட்டினான். எல்லார் முகமும் சதுரமாயிற்று.

"லிந்தா! இங்க வா. உனக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

அவள் வந்தாள். நாரைப் பிய்த்துப் போட்டாள். தகட்டைக் கையில் வாங்கி, முதுகைச் சுவரில் சாய்த்து, கையை மேலே தூக்கிப் பிடித்தாள். படம் வந்தது.

"அசையாதே! அப்படியே நில்லு!"

இடம்தான் காரணம் என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் ஒரு துண்டு டேப்பில் வேலை முடிந்திருக்கும். அவளை நடைக்கு அனுப்பியிருப்பார்கள். அவள் சொல்லவில்லை.

அன்றிலிருந்து "லிந்தா கையில ஏதோ இருக்கு" என்று வீட்டில் பேச்சாயிற்று. கம்பி குட்டை, அதனால் டிவி அவள் பக்கத்திலேயே ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் திரையின் விளிம்பு மட்டும். ஆட்டத்தை அவள் எதிரே இருந்த ஆறு முகங்களில் பார்த்தாள். ஜெனிவலின் வாய் திறந்தால் பந்து நம்மிடம். அண்ணன் நகம் கடித்தால் அவர்களிடம். கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொள்வாள். மாற்றுகிற நொடியில் படம் உடையும்.

"ஏய் கம்பம்! தூங்கிட்டியா?"

"கம்பத்துக்குக் கொஞ்சம் சாறு குடுங்கப்பா, துருப்பிடிச்சுடப் போகுது."

எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்தாள். தன் அறையில் நிற்கிறோம், நின்றுகொண்டாவது இருக்கிறோம், மூன்று ஞாயிறுதானே என்று நினைத்துக்கொள்வாள்.

மூன்றாவது ஞாயிறு, இறுதி ஆட்டம், நாலு மணி. காலையிலேயே அவளை எலுமிச்சம்பழத்துக்கும் ரொட்டிக்கும் கீழே அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து சாறு காய்ச்சுவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். நடையில் எதையும் திரும்பிப் பார்க்காமல் நேராக ஜன்னலோரம் போய்க் கையைத் தூக்கினாள். முதல் பாதியில் கோல் இல்லை. இடைவேளையில் அவள் கையை இறக்கித் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஜுசிலேனி ஜெனிவலின் மனைவியிடம் அறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க ஒரு சோபா. அந்த மூலைல குளிர்பெட்டி. புதன்கிழமை பெயின்ட் அடிக்க வர்றாங்க."

"அப்ப இவ எங்க படுப்பா?"

"இவளா? நடைக்குள்ள என்ன, மழையா அடிக்குது? கட்டில்தான் வழிய அடைச்சுக்கிட்டு கிடந்துச்சு. காலைல பழைய இரும்பு வண்டிக்காரன் வந்தான், தூக்கிப் போட்டுட்டோம். பாய் போதும் அவளுக்கு."

லிந்தினால்வா அண்ணனைப் பார்த்தாள். அவன் குவளையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இறுதி ஆட்டம் வரைக்கும்னியே."

"ஆட்டம் ஆரம்பிக்குது பாரு. கையத் தூக்கு."

தூக்கினாள். இரண்டாம் பாதி எழுபதாவது நிமிடத்தில் அறை முழுவதும் எழுந்து நின்றது. பெனால்டி. ஜெனிவலின் வாய் திறந்தது. அண்ணன் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டான். ஜுசிலேனி கண்ணை மூடிக்கொண்டாள். அடிக்கிறவன் ஓடி வருகிறான் என்பது ஆறு முகங்களிலும் தெரிந்தது.

கை தானாக இறங்கவில்லை. அவள்தான் இறக்கினாள். ஒரு சாண்.

கீழ் வீடுகள் வெடித்தன. மேடு முழுவதும் வாணம் கிளம்பியது. இந்த அறையில் மட்டும் சதுரம் சதுரமாக ஒரு பச்சை.

"ஐயோ! ஏய்! என்னடி பண்ற?"

"கை மரத்துப் போச்சு அண்ணி."

"பொய்! வேணும்னே செஞ்சா. அவ மூஞ்சியப் பாரு!"

எரால்டோ ஒரே எட்டில் வந்து தகட்டைப் பிடுங்கினான். கோபத்தில் அதைச் சுவரில் வைத்து அழுத்தினான். அழுத்திய இடம் சுண்ணாம்பு பெயர்ந்து கிடந்த இடம். பழைய டேப்பின் நாலு மூலைத் தழும்பு இன்னும் அங்கே இருந்தது. மூன்று வாரமாக அவளுடைய கையும் தகடும் மறைத்து வைத்திருந்தது அது. படம் கழுவிவிட்டதுபோல் வந்து நின்றது. ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள்.

எரால்டோ தழும்பைப் பார்த்தான். அப்புறம் தங்கையைப் பார்த்தான்.

"கையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இடம்தான். ஜெனிவல், அந்தச் சுத்தியலும் ஆணியும் எடு."

நாலு ஆணி. ஒவ்வொன்றும் இரண்டே அடியில் இறங்கிற்று.

"அப்ப நீ ஏன் இங்க நிக்கிற?" என்றாள் ஜுசிலேனி. "குவளையெல்லாம் காலியாக் கிடக்கு. கதவச் சாத்திட்டுப் போ, சத்தம் வெளிய போகுது."

லிந்தினால்வா ஆறு குவளைகளையும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு நடைக்கு வந்தாள். கட்டில் இருந்த இடத்தில் அதன் நாலு கால்களின் அச்சு சிமெண்டுத் தரையில் வட்டமாகப் படிந்திருந்தது. தொட்டிக் குழாயைத் திறந்து குவளைகளைக் கழுவினாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் திடீரென்று எல்லாரும் "கோல்!" என்று கத்தினார்கள். சற்றுப் பொறுத்து, மேட்டுக்கு மேலே இன்டர்நெட்டில் பார்க்கிற வீடுகளிலும் அதே சத்தம் கேட்டது. அதற்குள் அவள் ஐந்தாவது குவளையைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.