ஆறாவது போல்ட்டும் ஏழுமலை அண்ணன் சொல்லச் சொன்ன டீயும்

விழுப்புரத்தில் என் வெல்டிங் பட்டறையில் இருந்தபோது போன் வந்தது. "திண்டிவனத்துல ஏழுமலை அண்ணன் போய்ட்டாருப்பா" என்றார்கள். நான் முதலில் கேட்டது, "வண்டி மேல விழுந்துடுச்சா?" என்றுதான். இல்லை, நெஞ்சு வலி, காலையில் வீட்டிலேயே, என்றார்கள். அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும், அவரை அறிந்த உங்களுக்கு என் கேள்வி விநோதமாகப் படாது. கார்களுக்கு அடியில் படுத்தே வாழ்ந்த மெக்கானிக் அவர். அவருடைய திண்டிவனம் பட்டறையில் வெல்டராக, மேலே கேஸ் டார்ச்சோடு நின்று பயந்தே வாழ்ந்தவன் நான்.

துருப்பிடித்த போல்ட்டை அவர் எடுத்த எடுப்பில் கழற்ற மாட்டார். முதலில் நூலளவு இறுக்குவார். கிரீச்சென்று சத்தம் வந்த பிறகே எதிர்ப்பக்கம் திருப்புவார். "அடம் புடிக்கறவன மொதல்ல அவன் போற பக்கமே தள்ளிவுடணும். அப்புறந்தான் நம்ம பேச்சக் கேப்பான்" என்பார். கத்திக்கொண்டு வரும் வாடிக்கையாளரிடமும் அதே வைத்தியம்தான். "ஆமாங்க, தப்புதாங்க" என்பார். பத்து நிமிடத்தில் வந்தவர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிநாட்டு வண்டி, எங்களைவிட வயதில் மூத்தது. எஞ்சின் புகையை வெளியேற்றும் ஹெட்டர் குழாய் ஓட்டையாகியிருந்தது. அதைப் பிடித்திருந்த ஆறு போல்ட்டில் ஐந்து வந்துவிட்டன. ஆறாவது அசையவில்லை. உடைந்தால் எஞ்சினே வீண். நான் மேலிருந்து டார்ச்சால் சூடு காட்டி இளக்க, அவர் அடியில் படுத்து ஸ்பானர் போட வேண்டும்.

"பெட்ரோல் குழாய அடச்சிட்டியா மாணிக்கம்?"

"அடச்சிட்டேண்ணே."

கழற்றிவிட்ட பெட்ரோல் குழாயின் வாயில் சின்ன மரக்கட்டை அடித்து அடைப்பதுதான் எங்கள் வழக்கம். நான் துணியைச் சுருட்டித் திணித்திருந்தேன். கட்டை தேடச் சோம்பல், வேறொன்றுமில்லை. வண்டியின் பின்பக்கம் உயர்ந்திருந்ததால் டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் முன்னால் இறங்கும் என்பதை யோசிக்கவில்லை.

டார்ச்சைப் பற்றவைத்து அரை நிமிடம் இருக்கும். அடியிலிருந்து குரல் வந்தது: "கேஸ நிறுத்திட்டுப் போய் ரெண்டு டீ சொல்லிட்டு வாப்பா." குரலில் அவசரமே இல்லை. நிறுத்திவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது துணியைக் காணோம். குழாயில் மரக்கட்டை இறங்கியிருந்தது. தரையில் ஈரத்தின்மேல் மணல் கொட்டியிருந்தது. துணி நனைந்து ஒழுகியிருக்கிறது என்று புரிந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வா, சூடு காட்டு" என்று மறுபடி அடியில் போய்ப் படுத்தார். நூலளவு இறுக்கினார். ஆறாவது போல்ட்டும் வந்தது.

அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. சில வருடங்களில் நான் விழுப்புரத்துக்கு வந்துவிட்டேன். தொழில் நன்றாக நடக்கும் ஊர் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை, அவர் கண்ணில் படப் பயம். என் பொய் தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றும் பயம், என்றாவது கேட்டுவிடுவாரோ என்றும் பயம். ஆனால் அதன் பிறகும் சூடு காட்ட வேண்டிய வேலை வந்தால் விழுப்புரத்திலிருந்து என்னைத்தான் கூப்பிடுவார். வேறு யாரையும் மேலே நிற்க விட்டதில்லை.

காரியத்தன்று அண்ணிதான் சொன்னார்கள்: "அந்த செவப்புக் காரு வந்த அன்னிக்கு சட்டையெல்லாம் பெட்ரோலு நாத்தம் தம்பி. மூஞ்சி மேலயே சொட்டிக்கினு இருந்துச்சாம். ஏன் கத்தலன்னு கேட்டேன். 'கத்தியிருந்தா மாணிக்கம் கை ஆடியிருக்கும், ரெண்டு பேரும் போயிருப்போம்'னாரு. அன்னிக்கு அவருக்கு சோறு எறங்கல. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

அண்ணே, அன்று நான் பொய் சொன்னேன். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை இத்தனை பேரிடம் சொல்கிறேன்.

அந்த மரக்கட்டையை அன்றே யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டேன். இன்றும் என் டூல்ஸ் பெட்டியில் இருக்கிறது. கேஸ் பற்றவைக்கும் முன் அதைத் தொடுவேன். பிறகு போய்ப் பெட்ரோல் குழாயைத் தொட்டுப் பார்ப்பேன்.