அப்சர்வேஷனில் வைத்த அன்று

லக்ஷ்மிநாராயணன் தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மராத்தி பேசினால் இன்றைக்கும் கும்பகோணம் எட்டிப் பார்க்கும். ஆனால் ஆனி மாசம் துக்காராம் மகராஜ் பல்லக்கு புறப்பட்டால், கையில் தாளத்தோடு அவரும் புறப்பட்டுவிடுவார். ஆகுர்டி கோயிலில் விட்டலனைச் சேவிக்கும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படாது.

இந்த வருஷம் வாசலில் வைத்து மனைவி விசாலம் சர்க்கரை மாத்திரையை நீட்டினாள்.

"சாப்பாட்டை விடலாம், மாத்திரையை விடப்படாது. மருந்து விரதத்திலே சேர்த்தி இல்லை."

விழுங்கினார். பாதி வழியில் நிக்டி வந்ததும் கண் இருட்டிச் சாய்ந்துவிட்டார். கூட நடந்தவர்களே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நிக்டியிலேயே குடியிருக்கும் அவர் தங்கை லலிதா முந்தி வந்தாள். விசாலம் ஷேர் ஆட்டோ பிடித்துப் பின்னால் வந்தாள். குளுகோஸ் ஏற்றிவிட்டு நிமிர்ந்த பெண் டாக்டர், "நாளைக் காலை வரை அப்சர்வேஷன்" என்று இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அந்தக் குடும்பத்தில் அந்த வார்த்தை அதற்கு முன் ஒரே ஒரு தரம்தான் நுழைந்திருக்கிறது. லக்ஷ்மிநாராயணனின் அம்மா தர்மாம்பாளை அப்சர்வேஷனில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் வெள்ளைத் துணி போர்த்தித்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

"மன்னி, அம்மாக்கும் இதைத்தானே சொன்னா?" என்றாள் லலிதா. பதிலுக்குக் காத்திராமல் சென்னைக்குப் போன் போட்டாள். அவள் சித்தப்பா பிள்ளை கிட்டு, மாற்று வேட்டிகூட எடுக்காமல் ரயில் ஏறிவிட்டார்.

விசாலம் கட்டிலோரம் உட்கார்ந்து, புருஷன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து வந்து அவர் விரலைக் குத்திவிட்டுப் போனாள். கடைசியில் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

"மறைக்காம சொல்லும்மா. பிழைப்பாரா?"

"பிழைச்சாச்சு, காக்கு," என்று மராத்தியில் சித்தி முறை சொல்லிக் கூப்பிட்டாள் டாக்டர். "வெறும் வயித்திலே அந்த மாத்திரை போட்டா சர்க்கரை இறங்கிடும். மருந்து நாள் பூரா உடம்பிலே இருக்கும், மறுபடியும் இறக்கப் பார்க்கும். அதுக்குத்தான் குத்திக் குத்திப் பாக்கறோம். பக்கத்திலேயே இருந்து கவனிக்கறதுக்குப் பேர்தான் அப்சர்வேஷன்."

"எங்க மாமியாருக்கும் அதான் சொன்னா."

"சொல்லியிருப்பாங்க. கவனிச்சதாலே யாரும் சாகறதில்லை, காக்கு. மாத்திரை யார் கொடுத்தது?"

"நான்தான்."

"இனிமே அதோட ரெண்டு சப்பாத்தியும் கொடுங்க."

விசாலம் அப்போதுதான் டாக்டரின் கையை விட்டாள். கட்டிலிலிருந்து ஈனஸ்வரமாக ஒரு குரல்.

"விசாலம், என் விரதம் போயிடுத்தா?"

"குளுகோஸ் ஏத்தினப்பவே போயிடுத்து."

"அது நரம்பிலேதானே போச்சு. வாயிலே படலையேடீ."

"சரி, பட வேண்டாம். கண்ணை மூடிண்டு லலிதா கொண்டுவந்த இட்லியை முழுங்குங்கோ."

விடிந்ததும் சர்க்கரை நிலைக்கு வந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். லலிதா போனை எடுத்தாள். கிட்டு அப்போது முக்கால் வழி வந்து சோலாப்பூரில் இருந்தார்.

"அண்ணா, அவனுக்கு ஒண்ணுமில்லை. எழுந்து உக்காந்து மன்னியோட சண்டை போடறான். நீ அப்படியே திரும்பிடறயா?"

"ஏன், உசிரோட இருக்கறவனை வந்து பாக்கப்படாதா?" என்றார் கிட்டு. "லக்ஷ்மியோட வேட்டி ஒண்ணு எனக்கு எடுத்து வைக்கச் சொல்லு."