பாய் வரைஞ்சிட்டு இருக்காருங்க

சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது பட்டறையில் காலை வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சுத்தியல் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. "சத்தமாப் பேசுங்க, சாமி" என்று கத்தினேன். அந்தப் பக்கம் கரீம் பாயின் மகன். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க" என்று அவனும் கத்தினான். அப்பன் செத்த சேதியை ஒரு பிள்ளை கத்திச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நாமக்கல்லில் எங்கள் லாரி பாடி பட்டறையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக வந்து சேர்ந்தார். நான் கணக்கும் கொள்முதலும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடி கட்டாத புது சேஸிஸ் வந்து நின்றால் மனுஷன் பென்சிலைத் தொடமாட்டார். முதலில் வண்டியைச் சுற்றி நடப்பார். ஏறுவார், இறங்குவார், பலகைத் துண்டைப் போட்டு டிரைவர் மாதிரி உட்கார்ந்து பார்ப்பார். "ஏனுங்க பாய், வண்டிக்குத் திருஷ்டி சுத்தறீங்களா?" என்று கேலி செய்வேன். "பேப்பர்ல ஏறி உக்கார முடியாது, பழனிச்சாமி" என்பார்.

அவர் வரைந்த பாடிக்கு ஊரில் நல்ல பெயர். அந்தப் பெயரே அவருக்கு வினையானது. முதலாளி அவரை மேனேஜராக்கினார். தனி அறை, போன், பார்க்க வருகிறவர்கள், ஆள் சண்டை, மரம் வரவில்லை என்ற புகார். வரைவதற்குக் கீழே ஆள் போட்டாயிற்று. இவர் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். அவருடைய வரைபலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். அதன்மேல் யாரோ துண்டு காயப்போட்டிருந்ததைக்கூட ஒருநாள் பார்த்தேன். பாயும் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. ரோட்டில் லாரி நிற்பது இடது ஓரத்தில். வழியில் சமைக்கிற அடுப்புப் பெட்டி, தண்ணி டிரம் எல்லாம் அந்த இடது பக்கத்தில், அதாவது கிளீனர் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். புது மாடலில் ஸ்டெப்னிக்கு இடம் பார்க்கப்போய், பெட்டியையும் டிரம்மையும் டிரைவர் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். காகிதத்தில் பார்க்க லட்சணமாக இருந்தது. ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவே பாய் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வண்டிகள் போய்விட்டன. கொஞ்ச நாளில் ஒரு டிரைவர் திரும்பி வந்தார். "தண்ணி புடிக்கறதுக்கு நடுரோட்டுல நிக்கோணுமுங்க. எங்க கிளீனர் பையன் மயிரிழையில தப்பிச்சானுங்க" என்றார். பாய் எழுந்தார். வெளியே போய், ரோட்டோரம் நின்ற அந்த வண்டியின் டிரம் அருகே தானே குனிந்து நின்றார். சேலம் பஸ் ஒன்று அவர் முதுகை உரசுவதுபோல் போயிற்று. சட்டை படபடவென்று அடித்தது.

உள்ளே வந்ததும் தண்ணீர் கேட்டார். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "வரையறப்போ நான் வண்டியைச் சுத்தி நடப்பேன், பழனிச்சாமி. கையெழுத்துப் போடறப்போ நடக்கல" என்றார். போன வண்டிகளையெல்லாம் திருப்பி வரவழைத்து மாற்றிக் கொடுத்தோம்.

அதன்பிறகு அவர் பலகையைத் தூசி தட்டிக்கொண்டு வரைய உட்கார்ந்துவிட்டார். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "மேனேஜர் பென்சிலைப் புடிச்சா ஆளுகளை ஆருங்க பாக்கறது? ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க, பாய்" என்றார். பாயின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். மேனேஜர் என்று சம்பந்தி வீட்டில் சொல்லியாயிற்று. பாய் தலை குனிந்தபடி, "அப்படின்னா நாற்காலியை எடுத்துக்குங்க. பலகையைக் குடுங்க" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? "காலையில பலகை, மத்தியானம் நாற்காலி. போனை என்ற மேசைக்கு மாத்திப்போடுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். முதலாளி என்னை முறைத்தார். பிறகு, "சரி, நீயே கட்டிக்கிட்டு அழு" என்று எழுந்து போனார். அன்றிலிருந்து பகல் சாப்பாடு வரைக்கும் பாயைக் கேட்டு வரும் போனுக்கெல்லாம் என் பதில் ஒன்றுதான்: "பாய் வரைஞ்சிட்டு இருக்காருங்க. மத்தியானம் கூப்பிடுங்க."

அத்தோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. நல்ல வேலையையெல்லாம் இவரே எடுத்து வரைந்தார். பாலிடெக்னிக் முடித்து வந்த ராஜாமணி என்ற பெண் ஒருநாள் கேட்டுவிட்டாள்: "எல்லாத்தையும் நீங்களே வரைஞ்சா நாங்க எதுக்குங்க சார்?" பாய்க்கு முகம் சுருங்கிப்போயிற்று. மறுநாள் புது கேபின் வேலையை அவளிடமே கொடுத்தார். அதற்கப்புறம் அவர் தனக்கென்று வைத்துக்கொண்டது ஏறும் படி, பெட்டி, டிரம் கொக்கி, யாரும் ஆசைப்படாத வேலைகள்தான். "பேர் அவங்களுக்கு வரட்டும். என் கைக்கு இது போதும்" என்பார். கடைசியாகப் படுக்கையில் விழும்வரை அப்படித்தான் இருந்தார்.

அடக்கம் முடிந்து வந்த மறுநாள், முதலாளி என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டார். எனக்கு வரையத் தெரியாது. ஆனால் ராஜாமணி ஒரு படத்தை நீட்டினால் எழுந்து போகிறேன். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்துதான் பேனாவைத் திறக்கிறேன். பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த நடைதான்.

இன்று காலை போன் அடித்தது. வெளியூர்க் குரல், விஷயம் தெரியாதவர். "மேனேஜர் இருக்காருங்களா?" என்று கேட்டார். "பாய் வரைஞ்சிட்டு இருக்காருங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "சரிங்க, மத்தியானம் கூப்பிடறேன்" என்று அவர் வைத்துவிட்டார். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. நான் இன்னும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.