சிவந்து போன சிறுநீர்

என் கணவருக்குக் காசநோய் என்றதும், எங்கள் ஏழு வயது மகள் யாழினிக்கு அது வராமலிருக்கத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். சத்து மாத்திரை என்று சொல்லி விழுங்க வைத்தேன்.

மறுநாள் காலை கழிப்பறையில் அலறினாள். சிறுநீர் சிவந்திருந்தது. ரத்தமென்று நினைத்தேன். ஜெயமங்கலத்திலிருந்து ஆட்டோவில் பெரியகுளம் அரசு மருத்துவமனைக்கு விரைந்தோம்.

"அம்மா, நான் செத்துருவேனா?" என்றாள் வழியில். அவளை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டேன்.

பரிசோதித்த நர்ஸ், "ரத்தமில்ல ஆத்தா, மருந்தோட நிறந்தான். பயந்து நிறுத்திராதீக" என்றார்.

யாழினி என்னை முறைத்தாள். "சத்து மாத்திரைன்னுதான சொன்ன?"

அங்கேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள், ஆனால் அன்றைய மாத்திரையைத் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். இப்போதெல்லாம் எந்த மருந்தையும், அது எதற்கு, என்ன செய்யும் என்று சொல்லாமல் அவளுக்குக் கொடுப்பதில்லை.