டிரா அக்காவின் கடைசிச் சுற்று

டிரா அக்காவுக்கு வயது முப்பத்தெட்டு, சதுரங்கம்தான் தொழில். விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் ஒரு பெரிய நிறுவனம் அவளை வேலைக்கு எடுத்து, பதினாறு வருடமாகத் தன் பெண்கள் அணியில் ஆடவைத்துக்கொண்டிருக்கிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பத்தில் ஏழு ஆட்டத்தை வெற்றி தோல்வி இல்லாமல் டிராவாக முடிக்கிறவளை ஆட்டக்கூடத்தில் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

காரணம் பயம். சுற்றி வளைத்துச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆட்டம் உள்ள நாளில் அவளுக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்காது. போனை அணைத்துக் கணவனிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் போய் உட்காருவாள். உடனே எழுந்து வாசலுக்கு ஓடிவருவாள்.

"ஆஃப் பண்ணிட்டேன்ல?"

"போன் என் பையில இருக்கு. அடிச்சாலும் என்னைத்தான் வெளிய அனுப்புவாங்க, நான் ஏற்கெனவே வெளியதான் நிக்கிறேன். நீ போ."

நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிற அந்த மனிதர் பாவம், எப்படியாவது சிரிக்கவைத்துவிடலாம் என்று பார்ப்பார். ஒருநாளும் நடந்ததில்லை.

இந்த வருடம் அவள் பயப்பட நியாயமும் இருந்தது. அணியில் ஆறு இடம், தேர்வுப் போட்டிக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். விளையாட்டுப் பிரிவு அதிகாரி முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "டீம்ல இல்லன்னா ஆபீஸ் வேலைதான்மா. எந்தக் கிளை காலியோ அங்க போட்டுருவாங்க." காலியாக இருந்த கிளைக்கு ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், கடையோ இங்கே. பதினாறு வருடத்தில் ஒரு ஆபீஸ் ஃபைலைக்கூடப் பிரித்துப் பார்க்காதவள் அங்கே போய் என்ன செய்வாள்?

கடைசிச் சுற்று வந்தது. தோற்றால் இடம் போயிற்று. டிரா செய்தால் ஆறாவது இடம். ஜெயித்தால் மூன்றாவது, முதல் மூன்று பேருக்கு வெளிநாட்டுப் போட்டி. இத்தனை வருடத்தில் அந்தப் போட்டிக்கு அவள் போனதே இல்லை. எதிரே உட்கார்ந்தது, போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த இருபத்தொரு வயதுப் பெண். எல்லோருக்கும் அவள் சின்னவள்.

மூன்று மணி நேரம் ஆடியபின் இருவரும் முன்னும் பின்னுமாக அதே நகர்த்தல்களைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரே நிலை மூன்றாவது முறை வந்தால் டிரா கேட்கலாம். அதைக் கேட்க முறை உண்டு: நகர்த்தலைத் தாளில் எழுத வேண்டும், காயைத் தொடக் கூடாது, கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் டிரா அக்கா இதை ஒப்பிப்பாள். ஆனால் அன்று அவள் கைக்குப் பொறுமை இல்லை. ராஜாவை நகர்த்தி, கடிகாரத்தையும் அமுக்கிவிட்டு, அப்புறம் நடுவரைக் கூப்பிட்டாள்.

"நகர்த்திட்டீங்களேம்மா," என்றார் நடுவர். "இப்ப கேக்குற உரிமை அவங்களுக்குத்தான்." சின்னவளைப் பார்த்தார். "கேக்குறீங்களா?"

"இல்ல சார், ஆடுறேன்."

டிரா அக்கா பலகையைப் பார்த்தாள். பள்ளிச் சீருடையில் மகள், ரயில், முகம் தெரியாத மேலாளர் என்று எல்லாம் பலகைமேல் வந்து உட்கார்ந்துகொண்டன. சின்னவள் வேகமாக ஒரு சிப்பாயைத் தள்ளினாள்.

அந்த நகர்த்தலில் ஓட்டை இருந்தது. யானையை வெட்டக் கொடுத்தால் நான்காவது நகர்த்தலில் செக்மேட். டிரா அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள், சரியாக வந்தது. திரும்பப் போட்டாள், சரி. மூன்றாவது முறையும் சரி. இவ்வளவு சரியாக வந்தால் எங்கோ தப்பு இருக்க வேண்டும் என்று அப்போதுதான் பயம் வந்தது. யானை போனால் போனதுதான். ஒரு கட்டம் பிசகினாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ராஜாவைப் பத்திரமாக ஒரு கட்டம் ஒதுக்கி வைத்தாள்.

"டிரா?"

சொல்லி முடிப்பதற்குள் சின்னவளின் கை நீண்டது. அந்தக் கை ஈரமாக இருந்தது.

கையெழுத்துப் போட்டதும் சின்னவள் காய்களைப் பழைய இடத்தில் வைத்தாள். "அக்கா, யானைய இங்க குடுத்திருந்தீங்கன்னா நான் காலி. தள்ளினதுக்கப்புறம்தான் பாத்தேன், உயிரே போயிருச்சு. நீங்க பாக்கலையா?"

"அட, ஆமா!" என்றாள் டிரா அக்கா. "நான் பாக்கவே இல்லையே!"

"விடுங்கக்கா. டைம் கம்மியா இருந்திருக்கும்."

ஆறுதலாகச் சொல்லிக்கொண்டே சின்னவள் கடிகாரத்தைத் திருப்பினாள். அக்காவின் பக்கத்தில் இருபத்திரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது.

 சின்னவள் குனிந்து காய்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். பார்த்தும் ஏன் ஆடவில்லை என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று டிரா அக்காவுக்கு இருந்தது.